வன்னி மரத்தடி வெளிச்சம்

அத்தியாயம் பதினான்கு

அமாவாசைதோறும் டியூட்டி முடிந்தபின் உமாபதி வீட்டில் சொல்வதுபோல் சைட்டுக்குப் போவதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். மனைவி ஷியாமளா அறியமாட்டாள் என்றே உமாபதி நம்பியிருந்தார்.

துபாயில் அல் குசைஸைத் தாண்டித் தார்ச்சாலை முடிந்து மணற்பாதை தொடங்குமிடத்தில் இடிந்த காவல் கோபுரம் ஒன்று உண்டு. அதற்குச் சற்றுத் தள்ளி ஒற்றை மரம். அரபிகள் அதைக் காஃப் என்பார்கள். நம் சிவன் கோயில்களில் நிற்கும் வன்னியேதான் அது. அம்மரத்தடியில்தான் சென்ற பங்குனியில் உமாபதி தம் மகளைப் புதைத்தார்.

பிறந்து ஓர் இரவு மட்டுமே இருந்த குழந்தை. பச்சிளங்குழந்தையை எரிப்பதில்லை, மண்ணில் இடுவதே வழக்கம். தாய் உடன் செல்வதில்லை. இடத்தை அவளுக்குக் காட்டுவதும் இல்லை. காய்ச்சலில் நினைவற்றுக் கிடந்த ஷியாமளா கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். அதன்பின் அவ்வீட்டில் அந்தப் பேச்சை எவரும் எடுக்கவில்லை.

புதைத்த இடத்தைத் திரும்பிப் பார்க்கலாகாது என்பதும் வழக்கந்தான். உமாபதியால் அதை மட்டும் காக்க முடியவில்லை. கோபுரத்தின் அருகே காரை நிறுத்திவிட்டு, அகல் விளக்கை ஏற்றி, காற்றுக்குக் கையை அணைகொடுத்துக்கொண்டு மரம்வரை நடப்பார். சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார். அதை யாரும் பார்ப்பதில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த எண்ணம் வெள்ளிக்கிழமை காலை மேலாளர் மெக்லீனின் வீட்டு வரவேற்பறையில் கலைந்தது.

ஜுமைராவில் கடலைப் பார்த்த வீடு அது. கம்பெனிக் குடும்பங்கள் தேநீருக்கு வந்திருந்தன. மிஸஸ் மெக்லீன் ஸ்காட்லாந்துக்காரி. அக்டோபர் மாதத்தின் கடைசி இரவில் அவர்கள் ஊரில் ஹாலோவீன் என்றொரு வழக்கம். பேய் வேடம் பூண்டு, காயைக் குடைந்து அதனுள் விளக்கு வைத்து, இருண்ட இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று பயமுறுத்தி மகிழ்வார்கள். இவ்வாண்டு தீபாவளிக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, அந்த இரவு வாய்த்திருந்தது. அன்று அமாவாசையும் கூட.

"எங்கள் ஊரில் பேய்களுக்குக் கோட்டைகள் இருக்கின்றன" என்றாள் மிஸஸ் மெக்லீன். "இங்கே எல்லாமே நேற்றுக் கட்டியவை. ஒரு பேய் சாய்ந்து நிற்பதற்குப் பழைய சுவர்கூட இல்லை. உமாபதி, இந்த மணலையெல்லாம் அளந்தவர் நீங்கள்தாம். இவர்களைப் பயமுறுத்த நான் எங்கே அழைத்துப் போகட்டும்?"

உமாபதி சர்வேயர். கேள்வி தம்மிடம் வந்ததில் அவருக்குச் சிறு பெருமையே உண்டாயிற்று. ராசல்கைமா போகும் வழியில், கடலோரத்தில், மக்கள் விட்டுப்போன மீனவர் ஊர் ஒன்று இருப்பதைச் சொன்னார். கதவுகள் திறந்தபடியே கிடக்கும் வீடுகள், வற்றிய கிணறு, காற்றடித்தால் தானே முனகும் பள்ளிவாசல் முற்றம் என்று விவரித்தார். பிள்ளைகள் தரையில் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"நல்ல இடம். ஆனால் வெகு தூரம்" என்றார் மெக்லீன். "இருட்டில் சாலையின் குறுக்கே ஒட்டகம் வந்து நின்றால், அதற்குப் பிறகு பேய் நமக்குத் தேவைப்படாது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து தியாகு எழுந்தான்.

தியாகு ஷியாமளாவின் தம்பி. பாளையங்கோட்டையிலிருந்து ஆடி மாதத்தில் வந்து, அத்தானின் சிபாரிசால் கம்பெனியின் வரைபடப் பிரிவில் சேர்ந்தவன். மேலாளர் வீட்டுச் சோபாவில் உட்காருவது அவனுக்கு அன்றுதான் முதல்முறை. ஏதாவது சொல்லிப் பெயர் வாங்கவேண்டும் என்ற துடிப்பு அவன் முழங்கால்களில் தெரிந்தது.

"மேடம், பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது" என்று தன் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கினான். "அல் குசைஸுக்கு அப்பால். உடைந்த கோபுரம். லேபர் கேம்ப்பில் எல்லோருக்கும் தெரியும். நிலா இல்லாத நாளில் அங்கே ஒரு வெளிச்சம் நடக்கும்."

"நடக்குமா?"

"நடக்கும் மேடம். இடுப்பு உயரத்தில். கோபுரத்திலிருந்து புறப்பட்டு ஒரு மரம்வரை போகும். அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் லாரி ஓட்டும் மஹ்மூது தன் கண்ணால் பார்த்தார். பெஷாவர்க்காரர், ஆறடி ஆள். இப்போது அந்தப் பாதையில் லாரி எடுக்கவே மாட்டேன் என்கிறார்."

 உமாபதி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். உட்கார்ந்துகொள்ளும் என்ற சொல் அவருடைய காதிலேயே நின்றது.

"அது யாராவது பாலைவனத்துப் பதூவாக இருக்கும்" என்றார். "காணாமற்போன ஒட்டகத்தைத் தேடிக்கொண்டு விளக்கோடு போயிருப்பான்."

"ஒவ்வோர் அமாவாசைக்குமா அவனுடைய ஒட்டகம் காணாமற்போகிறது?" என்று கேட்டார் மெக்லீன்.

மறுபடியும் சிரிப்பு. உமாபதியும் சிரிக்க வேண்டியதாயிற்று.

"அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை மேடம். வெறும் மணல். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்" என்றார்.

"நான் அந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறேன்."

தெளிவான, நிதானமான ஆங்கிலம். யார் பேசியது என்று அறிய எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியவள் ஷியாமளா.

பங்குனிக்குப் பின் இத்தகைய கூட்டங்களுக்கு அவள் வருவதே அரிது. வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குத் தலையசைத்துவிட்டுத் திரும்புவாள். எதையும் வேண்டுமென்று அவள் கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆயின. அவள் முகத்தில் உமாபதி அப்போது கண்டது ஆவலா, வேறொன்றா என்று அவரால் பிரித்தறிய இயலவில்லை.

மிஸஸ் மெக்லீனுக்கு அந்த வீட்டுத் துயரம் தெரியும். அவள் எழுந்துவந்து ஷியாமளாவின் தோளில் கை வைத்தாள்.

"அப்படியானால் அந்தக் கோபுரந்தான். முடிந்துவிட்டது" என்றாள். "உமாபதி, முன்வண்டி உங்களுடையது. உங்களைவிட அந்தப் பாதையை அறிந்தவர் யார் இருக்கிறார்?"

அது வேடிக்கையாகச் சொன்ன சொல். அதில் இருந்த உண்மை அவளுக்குத் தெரியாது.

திரும்பும்போது காரில் தியாகு ஒருவனே பேசிக்கொண்டு வந்தான்.

"பூசணிக்காய்க்குக் கண்ணு மூக்கு வெச்சு உள்ளே விளக்கு ஏத்துவாங்களாம். நம்ம ஊர்ல புது வீட்டுக்கு நாம தொங்கவிடுதோம், இவங்க மேசையில வெக்காங்க. அவ்வளவுதான் அக்கா வித்தியாசம். வெள்ளைக்காரனுக்கும் திருஷ்டி உண்டு போல."

ஷியாமளா சன்னல்வழியே கடலைப் பார்த்தபடி இருந்தாள். தேராவில் வீட்டு வாசலில் இறங்கும்போது, "ராத்திரி சாப்பிட வந்திரு தியாகு" என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு அவனுக்கு எப்போதும் அக்காள் வீட்டில்தான்.

அவனை அவனுடைய ரூமில் விடுவதற்காக உமாபதி காரைத் திருப்பினார். மணிக்கூண்டைத் தாண்டினார்.

"உன்கிட்ட யாரு கேட்டா?" என்றார் பிறகு.

"எதை அத்தான்?"

"இடம் எதுன்னு என்கிட்ட கேட்டாங்க. நீ எதுக்கு எந்திரிச்சே?"

"நல்லதா ஒண்ணு தெரிஞ்சிருந்தா சொல்லக்கூடாதா? மேடம் எம்பேரைக் கேட்டு வெச்சுக்கிட்டாங்க. துரை கூட முதுகுல தட்டினாரு." தியாகு குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணும் மேடம்கிட்ட தனியாச் சொல்லியிருக்கேன். நாம போற அன்னைக்கு வெளிச்சம் வராமப் போயிட்டா என்ன செய்ய? பிள்ளைங்க ஏமாந்து போகும்லா. அதனால நான் முன்னாடியே போயிருதேன். வெள்ளைத் துணியைப் போத்திக்கிட்டு, கையில அரிக்கேனோட, அந்த மரத்தடியில போயி நின்னுக்கிடுதேன். நீங்க ஹாரன் அடிச்சதும் நான் ஒரு குதி குதிச்சேன்னா..."

கார் நடுச்சாலையில் நின்றுவிட்டது. பின்னால் வந்த டாக்சிக்காரன் ஹாரனை அழுத்தி, "யல்லா, யல்லா" என்று கத்தினான். உமாபதியின் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.

"அங்கே நிக்கக்கூடாது" என்றார்.

"எங்கே?"

"மரத்தடியில."

"ஏன் அத்தான்?"

 சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதைச் சொன்னால், சொன்ன கணமே அது அக்காளுக்கும் போய்ச் சேரும். முகமூடிகளும் பூசணிக்காயுமாகப் போகிற கூட்டத்தின் நடுவே அவள் அந்த மணலில் நிற்கப்போகிறாள். அவளைப் போகவேண்டாம் எனத் தடுப்பதானால் காரணம் சொல்லவேண்டும். பல மாதங்களுக்குப் பின் அவள் விரும்பிய ஒன்றை எந்த வாயால் மறுப்பது?

"பாம்பு இருக்கும்" என்றார்.

"பூட்ஸ் போட்டுக்கிடுதேன். சைட்டுல எனக்குப் புதுசு குடுத்திருக்காங்கள்லா." தியாகு அத்தானின் முகத்தை உற்றுப் பார்த்தான். "என்னத்தான், நிசமாவே பயப்படுதீங்களா? மஹ்மூது பாய் பரவாயில்ல போல இருக்கே."

உமாபதி கியரை மாற்றினார். டட்சன் கார் குலுங்கிக்கொண்டு நகர்ந்தது.

"சாயங்காலம் வரும்போது அக்காகிட்ட பழைய வேட்டி ஒண்ணு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவன் தன் ரூம் வாசலில் இறங்கிப் போனான்.

அவர் உடனே வீடு திரும்பவில்லை. க்ரீக் எனும் உப்பங்கழியின் கரையில் காரை நிறுத்திவிட்டு, சாமான் இறக்கும் படகுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எந்தப் பொய்யைச் சொல்லலாம் என்பதே அவர் சிந்தனை. மேலாளரிடம் அங்கே பள்ளம் தோண்டியிருக்கிறது என்று சொல்லலாம். மனைவியிடம் பனி ஒத்துக்கொள்ளாது என்று சொல்லலாம். ஒன்றைச் சொன்னால் அதற்குத் துணையாக மற்றொன்றைச் சொல்லவேண்டியிருந்தது.

அவர் வீட்டினுள் நுழைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சமையலறையில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. ஷியாமளா அடுப்பின் முன் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை நீ வரவேண்டாம்னு பாக்கேன்" என்று தொடங்கினார். "அங்கே ராத்திரியில பனி இறங்கும். உனக்கு ஒத்துக்கிடாது."

"சரி."

இவ்வளவு எளிதில் அவள் இசைவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"நீங்க எத்தனை தடவை பனியில நின்னீங்க?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கரண்டி ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தது.

உமாபதி சுவரில் கை ஊன்றினார்.

"எல்லா அமாவாசையும் நீங்க வந்ததும் உங்க சாக்ஸை நான்தான் துவைக்கேன். மண்ணு ஒட்டியிருந்தா சைட் மண்ணுன்னு விட்டிருவேன். ஆடி அமாவாசைக்கு அதுல இலை ஒட்டியிருந்தது. சின்னச் சின்னதா, பொடிப்பொடியா. எங்க தெருக் கோயில்ல தினம் மிதிச்ச இலை, எனக்குத் தெரியாதா? இந்தத் தேராவுல வன்னி எங்க இருக்குன்னு நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எங்கயும் இல்ல."

"ஷியாமளா..."

"அலமாரியில பாதி வேட்டி கெடக்கு. புதுசு. மத்தப் பாதி எங்கன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லல. கேக்கக்கூடாதுன்னு எங்க அம்மா எழுதியிருந்தா. சொல்லக்கூடாதுன்னு உங்களுக்கு யாரு எழுதினாங்களோ." அவள் அடுப்பை அணைத்தாள். "இன்னைக்குத் தியாகு சொன்னான், வெளிச்சம் நடந்து போயி ஒரு மரத்தடியில உக்காந்துக்கிடும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு எடம் தெரிஞ்சு போச்சு."

 கீழே தெருவில் யாரோ கடையின் இரும்புக் கதவை மேலே ஏற்றும் ஓசை வந்தது.

"தெரிஞ்சுமா அந்த எடத்தைக் கேட்டே?" என்றார் உமாபதி. "முகமூடி போட்டுக்கிட்டு, பேய் பாக்கணும்னு வாரவங்களோட?"

இப்போது அவள் திரும்பினாள்.

"நீங்க கூட்டிட்டுப் போக மாட்டீங்க. அவங்களாவது கூட்டிட்டுப் போகட்டும்னு தோணிச்சு. அவங்க பேயைப் பாத்துட்டுப் போகட்டும். நான் எம்பிள்ளையைப் பாத்துக்கிடுதேன்."

உமாபதி அங்கிருந்த முக்காலியில் அமர்ந்தார். மாதக்கணக்காக அவளைத் துயரத்திலிருந்து காப்பதாக எண்ணிக்கொண்டு, துயரத்தினுள் அவளைத் தனியே விட்டுவைத்திருந்தது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அவள் அவருக்கு எதிரே தரையில் அமர்ந்துகொண்டாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்து முடித்த பின்னும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அதுக்கு மட்டும் பொய் சொல்லாதீங்க."

"கேளு."

"யாரு சாடையில இருந்தது?"

இத்தனை அமாவாசைகளில் அவர் அஞ்சிய கேள்விகள் பல உண்டு. இது அவற்றுள் இல்லை. அன்று மருத்துவமனைத் தாதி அந்த வேட்டியின் மறுபாதியில் குழந்தையைச் சுற்றி நீட்டியபோது அவர் கையை நீட்டவே இல்லை. டிரைவர் மீராசாதான் வாங்கினார். கீழக்கரைக்காரர், ஐந்து பிள்ளைகள் பெற்றவர். வண்டியை ஓட்ட வேண்டியவர் பின்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உமாபதி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கைகளுக்கு ஏதேனும் ஒரு வேலை வேண்டியிருந்தது. மரத்தடியில் குழி வெட்டியபோதும், மண்ணைத் தள்ளியபோதும், அவர் அந்தத் துணியை விலக்கவில்லை.

"நான் பாக்கல" என்றார்.

ஷியாமளா புரியாதவளாகப் பார்த்தாள்.

"பாக்க முடியல. பாத்தா விட்டுட்டு வர முடியாதுன்னு நெனச்சேன். மீராசா மடியிலதான் இருந்தா. அவருதான் பாத்தாரு. வழியெல்லாம் அவகிட்ட ஏதோ பேசிக்கிட்டே வந்தாரு."

"என்ன பேசினாரு?"

"தெரியல. எஞ்சின் சத்தம்."

அவள் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. அவருடைய கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பி, அகல் விளக்கு சுட்ட சின்னஞ்சிறு தழும்புகளின்மேல் விரலை வைத்தாள். அவற்றையும் அவள் முன்பே பார்த்திருக்கவேண்டும்.

"மீராசா அண்ணன் இப்போ எங்க?"

"சலாலாவுக்கு மாத்திட்டாங்க. புது ரோடு வேலை."

"போன் உண்டா அங்க?"

"கேம்ப் ஆபீசுல ரேடியோ இருக்கு. தனியாப் பேச முடியாது. பத்துப் பேரு கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றாள் ஷியாமளா.

வாசற்கதவு தட்டப்பட்டது. தட்டியவன் பதிலுக்குக் காத்திராமலே உள்ளே வந்தான். தியாகு தலையை வாரிப் பவுடர் பூசியிருந்தான். கக்கத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு.

"பாருங்க அத்தான், ஸ்டோர்ல கடன் வாங்கியாச்சு" என்றான். "அக்கா, அந்த வெள்ளை வேட்டி கேட்டேனே, அத்தான் சொன்னாகளா? பழசு போதும். பேய்க்கு என்னத்துக்குப் புதுசு?"

 தரையில் உட்கார்ந்திருந்த அக்காளையும் முக்காலியில் இருந்த அத்தானையும் அவன் மாறிமாறிப் பார்த்தான்.

ஷியாமளா எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் மடித்த வெள்ளை வேட்டி ஒன்று இருந்தது. அதன் ஒருபுறம் சரிகைக்கரை. மறுபுறம் கிழித்த நூல்கள் பிரிந்து தொங்கின. அதை அவள் தம்பியிடம் தரவில்லை. மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"விளக்கைக் கீழ வெச்சிட்டு உக்காரு தியாகு" என்றாள்.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

அவள் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?"

உமாபதி எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் முக்காலியில் அமரவில்லை. தரையில், மனைவியின் பக்கத்தில், அந்தப் பாதி வேட்டியின் கிழிந்த ஓரம் தம் முழங்காலில் படும்படி உட்கார்ந்துகொண்டார்.

"தியாகு" என்றார். "அந்த மரத்தடியில உட்காருறது பேய் இல்லடே."